எபி தாமதத்துக்கு நான் எழுதிய காரணம்

எங்கள் எழுத்தாளர் குழுவில் புதிதாக நான்கைந்து பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு, பாதிப் பேருக்கு மாமியாரும் உண்டு. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிக்கா பேலன்ஸ் பண்றீங்க?"

மற்ற சீனியர்கள் ஆளுக்கொரு டைம்டேபிள் போட்டுக் கொடுக்கிறார்கள். நான் மட்டும் நழுவி வந்தேன். ஒன்பது நாவல் எழுதி, ஒன்பதையும் தானே வெளியிட்டவளுக்குத் திமிர் என்று சிலர் நினைத்திருக்கலாம். திமிர் இல்லை, வெட்கம். நான் பேலன்ஸ் செய்த லட்சணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் என்னிடம் கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

1. ஸாரி போஸ்ட்

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாவலை இணையத்தில் தொடராகப் போடுவோம். ஓர் அத்தியாயத்துக்கு எபி என்று பெயர். என் தளத்தில் செவ்வாயும் வெள்ளியும் மதியம் மூன்று மணிக்கு எபி வரும். வாசகிகள் படித்துவிட்டுக் கீழே கமெண்ட் போடுவார்கள். கதை முடிந்து பத்து நாளில் லிங்க்கை எடுத்துவிடுவோம். பிறகு பிழை திருத்தி, அட்டை செய்து, மின்னூலாக நாமே ஏற்ற வேண்டும். அச்சுப் புத்தகம் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பிரதி அடித்து, பேக் செய்து, முகவரி எழுதி, கூரியர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பதும் நாமேதான்.

இதில் பதிப்பாளர் கிடையாது, கடைக்காரர் கிடையாது. தொடரோடு வாராவாரம் நடந்து வருகிற வாசகிதான் எல்லாம். இரண்டு செவ்வாய் எபி வராமல் போனால் அவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார். போனவர் திரும்ப வருவது அபூர்வம். ஆகவே எபி தாமதமானால் காரணம் சொல்லி ஒரு மன்னிப்பு அறிவிப்புப் போடுவோம். அதற்கு எங்கள் வட்டத்தில் ஸாரி போஸ்ட் என்று பெயர். கரண்ட் இல்லை, நெட் இல்லை, ஊரில் திருவிழா, வீட்டில் விருந்தாளி. பாதி உண்மையாக இருக்கும், பாதி இருக்காது. படிக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

ஒரே ஒரு காரணத்தை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை.

2. செவ்வாயும் வெள்ளியும்

என் ஏழாவது நாவல் ஓடிக்கொண்டிருந்தபோது வேறொரு தளத்தில் போட்டி அறிவித்தார்கள். புனைபெயரையும் மறைத்து எழுத வேண்டிய போட்டி. ஓடிக்கொண்டிருக்கும் தொடரை நடுவில் வைத்துக்கொண்டு நான் அதற்கும் பெயர் கொடுத்தேன். இரண்டு கதைக்கும் சேர்த்து வாரத்துக்கு ஐந்து எபி. காலையில் யாழினி பள்ளிக்கூடம் போனதில் இருந்து அவள் திரும்பி வருகிற வரைக்கும் எழுதினாலும் ஐந்து வராது.

யாழினி என் ஒரே மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா வேடசந்தூர் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். வீட்டில் அத்தையும் எங்களோடு இருக்கிறார். அத்தை என்றால் என் மாமியார்.

அந்த வெள்ளிக்கிழமை யாழினிக்கு ஸ்கூலில் ஆண்டு விழா. கரகாட்டத்தில் முன்வரிசை. அவள் அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அத்தை காலையிலேயே பூ வாங்கி வைத்துவிட்டார். நான் சொன்னேன், "நீங்க போயிட்டு வாங்க. இன்னைக்கு எபி போடணும். வாசகர்கள் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அந்த வாசகர்களுக்கு நான் என்ன சொல்லியிருந்தேன் என்பதையும் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை ஸாரி போஸ்ட்டில், "பாப்பாவுக்குக் காய்ச்சல் ஃப்ரண்ட்ஸ், எபி வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்று எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமையும் எபி எழுதி முடிக்கவில்லை. போட்டிக் கதைக்கு அன்றுதான் கெடு. வீட்டில் இருந்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டு அதைத்தான் எழுதினேன். நடுவில் தொடருக்கு இரண்டாவது ஸாரி போஸ்ட் போட்டேன். வெறும் காய்ச்சல் என்று மறுபடியும் எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று பட்டது. கதை எழுதுகிற கை சும்மா இருக்குமா? அட்மிட் செய்திருக்கிறோம், டிரிப்ஸ் ஏறுகிறது, பிளேட்லெட் குறைகிறது என்றார் டாக்டர், பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள் என்று எழுதினேன். அந்த விரல் பிடிக்கிற இடத்தை இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன் என்பதும் நினைவிருக்கிறது.

நான் அதைப் போட்ட நேரத்தில் என் மகள் தலையில் கரகம் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

கமெண்ட் வந்து குவிந்தது. எந்த எபிக்கும் அப்படி வந்ததில்லை. "கதை எங்கயும் போகாது சிஸ், பாப்பாவைப் பாருங்க." "எங்க வீட்டு விளக்குல உங்க பொண்ணு பேரச் சொல்லி ஏத்தியிருக்கேன்." "துஆ செய்யுறேன் சிஸ்டர்." இதுவரை ஒரு வார்த்தை பேசாத சைலண்ட் ரீடர்கள்கூட வந்து எழுதினார்கள். நான் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பொய் சொன்னதைவிட எனக்கு இன்றைக்கும் கூசுவது இதை நினைத்தால்தான். படித்து ரசித்தேன்.

அடுத்த செவ்வாய், "பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள், உங்கள் பிரார்த்தனைக்கு நன்றி" என்று எழுதி எபியையும் போட்டேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

3. சந்தனம் பூசிய தலை

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். யாழினி தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓர் அம்மாவின் குரல்.

"ஏனுங்க, ரைட்டரம்மா வீடு இதுதானுங்களா?"

நான் எழுந்து வந்தேன். நாற்பத்தைந்து வயதுப் பெண். கையில் ஒயர் கூடை. சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைப்பு நழுவியது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது.

"நாந்தானுங்க, ஈஸ்வரி. தொப்பம்பட்டி ஈஸ்வரி."

என் இரண்டாவது நாவலில் இருந்து வாராவாரம் கமெண்ட் போடுகிறவர். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்கு அங்கேயே உட்கார்ந்து என் எபியைப் படிப்பாராம். என் புத்தகத்தை அச்சில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கூரியர் கவரில் நான் எழுதிய ஃப்ரம் அட்ரஸை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டார்.

"பாப்பா எப்படிங்க இருக்குது?" என்று அத்தையிடம் கேட்டார்.

"நல்லாத்தான இருக்கா. ஏன்?" என்றார் அத்தை.

"ஆசுபத்திரில இருந்து வந்து நாலு நாள்தானுங்களே ஆச்சு. அதான் நேர்லயே ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அத்தை கீரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாழினி வேர்க்க விறுவிறுக்க சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தாள். ஈஸ்வரியின் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுங்களா பாப்பா? ஒடம்பு தேவலையா கண்ணு?"

"ஆமா ஆன்ட்டி. இப்ப சரியாயிருச்சு. மாத்திர மட்டும் சாப்டுறேன்," என்றாள் யாழினி.

கொஞ்சமும் தடுமாறவில்லை. நான் எழுதிக் கொடுத்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்காது.

ஈஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடையில் இருந்து பஞ்சாமிர்த டப்பாவையும் விபூதிப் பொட்டலத்தையும் எடுத்தார். விபூதியை யாழினியின் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதிவிட்டார். அத்தை காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "முடி எம்புட்டு நீளம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இடுப்புக்குக் கீழ இருக்குமுங்க. என்ற பையனுக்கு ஆறு வயசுல இதே காச்சல் வந்துச்சுங்க. டிரிப்சு ஏறயில அவனும் இப்படித்தான் வெரலப் புடிச்சுட்டே தூங்குவான். அம்மிணி எழுதியிருந்ததப் படிச்சதும் எனக்குக் கையே ஓடலைங்க. அன்னிக்கு சாம்பார்ல உப்ப ரெண்டு தடவ போட்டுட்டனுங்க. பாப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்தா முடி எறக்குறேன்னு பழனிக்கு வேண்டிட்டனுங்க. நேத்துப் போயி எறக்கிட்டு வந்தேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயமுங்க. சம்பந்தி வீட்டுல என்ன மொட்டையின்னு கேட்டாங்க. எங்க ரைட்டரு பொண்ணுக்குன்னு சொன்னேன். அவிங்களுக்கு ஒண்ணும் புரியலைங்க," என்று சிரித்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கூடப் போனேன். வழியெல்லாம் அவர் கதையைப் பற்றியே பேசினார். நாயகியின் மாமியார் கடைசியில் திருந்துவாரா என்று கேட்டார். திருந்துவார் என்றேன். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்து, அங்கிருந்து கையசைத்தார்.

4. பிரிக்காத டப்பா

திரும்பி வந்தபோது அத்தை அதே படியில்தான் உட்கார்ந்திருந்தார். கீரை அப்படியே கிடந்தது. யாழினி உள்ளே இருந்தாள்.

"நல்லா இருக்க புள்ளைக்கு வாயாலேயே ஊசி போட்டிருக்கியே, ஆத்தா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அம்புட்டு முடியும் சாமி பேரச் சொல்லிப் போயிருக்கு. நீ யார ஏமாத்துனேன்னு உனக்குத் தெரியுதா?"

"சும்மா ஒரு காரணத்துக்கு எழுதுனது அத்தை. இப்படி ஆகும்னு நெனைக்கல."

"அன்னைக்கு எங்ககிட்ட என்ன சொன்ன? வாசகர்க காத்திருக்காங்க, வர முடியாதுன்ன. அவுககிட்ட புள்ளைக்கு முடியல, எழுத முடியாதுன்ன. அப்ப நீ எங்கதான் இருந்த?"

வீட்டாரிடம் வாசகர்களைக் காட்டித் தப்பித்தேன். வாசகர்களிடம் வீட்டைக் காட்டித் தப்பித்தேன். இதைத்தான் அத்தனை நாளும் பேலன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் யாழினியிடம், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பேண்ட் நாடாவைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா அனுப்புன ஆண்டு விழா போட்டோவ உன் போன்ல பாத்தேன்ல, அப்பவே படிச்சேன். கமெண்ட்டும் படிச்சேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீ எழுதுறதக் கெடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்கல்ல."

ராத்திரி மில்லில் இருந்து வந்த யாழினி அப்பாவிடம் அத்தை எல்லாவற்றையும் சொன்னார். அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். முகம் கழுவித் துடைத்துவிட்டு, "உனக்குக் கதை நல்லா வரும்னு எனக்குத் தெரியும்," என்றார். அதோடு சரி. அந்த ஒரு வரியில் நான் கூனிக் குறுகிப்போனேன்.

பஞ்சாமிர்த டப்பாவை அத்தை சாமி அலமாரியில் வைத்துவிட்டார். "உண்மையச் சொல்லிட்டு வா. அப்புறம் பிரிப்போம்," என்றார். பிரசாதத்தைச் சாப்பிடாமல் வைத்திருப்பது எங்கள் வீட்டில் வழக்கமே இல்லை. காலையில் விளக்கேற்றப் போனால் அது கண்ணில் படும். யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அலமாரியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். பிரித்தாகிவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.

பதினொரு நாள் அப்படியே இருந்தது. தினமும் ஒரு காரணம். தொடர் முடியட்டும், அவருடைய மகளுக்கு நிச்சயம் முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம். இந்தக் காரணங்களையும் நான்தான் எழுதினேன், நானே படித்து நம்பினேன். போட்டிக் கதை இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை என்ற முடிவும் அந்த நாட்களில்தான் வந்தது. அதற்கு அழக்கூட எனக்கு முகம் இல்லை.

5. தொப்பம்பட்டி

பன்னிரண்டாம் நாள், விடுமுறை. ஈஸ்வரிக்குப் புத்தகம் அனுப்பிய முகவரியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாழினியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது அத்தைதான். "அவளும்தான பொய் சொன்னா. அவளும் வரட்டும்," என்றார்.

ஈஸ்வரியின் வீட்டில் அவர் மட்டும் இருந்தார். தலையில் மயிர் லேசாக முளைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பாயை விரித்தார், முறுக்கு எடுத்து வைத்தார், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ரைட்டர் வந்திருக்கிறார் என்று சொல்லப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நின்றபடியே சொன்னேன். பாப்பாவுக்குக் காய்ச்சலே வரவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வேறு ஒரு கதையை எழுதிக்கொண்டிருந்தேன், எபிக்கு நேரம் இல்லாததால் அப்படி எழுதினேன் என்று.

அவர் யாழினியைத் தலையில் இருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"அப்ப பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"நல்லதுங்க," என்றார். பிறகு பாயில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். யாழினி தலையைக் குனிந்துகொண்டு, "நானும் பொய் சொன்னேன் ஆன்ட்டி. ஸாரி," என்றாள். அவர் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"என்னைய மன்னிச்சிருங்க," என்றேன்.

"முடி வளந்துருமுங்க. அத உடுங்க. முருகனுக்குக் குடுத்தது, அவரு கணக்குப் பாக்க மாட்டாரு." தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு சொன்னார். "இத்தன நாளா யாருக்காச்சும் முடியலைன்னு சொன்னா நான் யோசிச்சதே இல்லீங்க. ஒடனே வேண்டிக்குவேன். இனிமேட்டு யாராச்சும் புள்ளைக்கு முடியலைன்னு சொன்னா, நெசமான்னு மனசு ஒருக்காக் கேக்குமே. அதுக்கு நான் என்னங்க பண்றது?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. யாழினியை அணைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. புறப்படும்போது வாசல் வரைக்கும் வந்தார், பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை டப்பாவைப் பிரித்தார். யாழினிக்கு ஒரு கரண்டி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். இனிப்புத் தெரியவில்லை.

அடுத்த நாள் என் தளத்தில் நடந்ததை எழுதினேன். ஈஸ்வரியின் பெயரை மட்டும் போடவில்லை. சிலர் திட்டினார்கள். சிலர், "பரவாயில்ல சிஸ், எல்லாரும் பண்றதுதான்" என்றார்கள். திட்டியதைவிட அதுதான் சுட்டது. நிறையப் பேர் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். ஈஸ்வரியின் கமெண்ட் அதற்குப் பிறகு எந்த எபிக்குக் கீழும் வரவில்லை.

6. இன்று எபி இல்லை

அதில் இருந்து நான் ஒரே நேரத்தில் இரண்டு கதை எழுதுவதில்லை. வாரத்துக்கு ஓர் எபிதான். ஸ்கூல் விழா இருந்தால் அந்த வாரம் அதுவும் கிடையாது. எழுத முடியாத நாளில், "இன்று எபி இல்லை" என்று மட்டும் போடுவேன். காரணம் எழுதுவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லித் தருவதற்கு இருப்பது இவ்வளவுதான். காரணம் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர்களின் உடம்பைத் தொட்டு எழுதாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொன்னால்தான் இது முடியும்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அட்மிட் செய்தோம். பிளேட்லெட் குறைகிறது என்றார் டாக்டர். டிரிப்ஸ் ஏறியது. நான் எழுதியது அத்தனையும் வரிசை மாறாமல் நடந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. "இன்று எபி இல்லை" என்று போட்டேன். இத்தனை பேரிடமும் என் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. எந்த வாயால் கேட்பது?

மறுநாள் காலை பத்து மணிக்கு போன் அடித்தது. ஈஸ்வரி.

"எபி இல்லைன்னு போட்டிருந்தீங்க. ஊரெல்லாம் காச்சலா இருக்குதுங்க. பாப்பாவுக்குங்களா?"

"ஆமாங்க."

எதிர்முனையில் சத்தமே இல்லை. நெசமா என்று அவர் மனசு அங்கே கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நான் அவசர அவசரமாக, "ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?" என்றேன்.

"ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாமுங்க," என்றார். "பாப்பாகிட்ட போனக் குடுங்க."

கொடுத்தேன். யாழினியின் இடது கையில் ஊசி குத்தியிருந்தது. வலது கையால் வாங்கிக் காதில் வைத்தாள். உதடு வறண்டு குரல் சரியாக வரவில்லை.

"ஆமா ஆன்ட்டி. ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். இந்தத் தடவ நெசமாவே."

அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். கேட்காமலும் இருந்திருக்கலாம். அவள் என்னைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நெசமாவே ஆன்ட்டி," என்று இன்னொரு தடவை சொன்னாள்.